பாக்ஸைத் திருப்பி வைத்த இரவு

கடற்கரையில் சவுண்டு செட் இறக்கியவர்களைக் கேளுங்கள், முதல் தொல்லை மணல்தான் என்பார்கள். லாரி தார்ச் சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஒவ்வொரு பேஸ் பாக்ஸையும், அதாவது தும் தும் என்று அடிக்கும் பெரிய ஸ்பீக்கரை, நாலு பேர் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கால் கணுக்கால்வரை புதையும், தோள் பிய்ந்துபோகும். அடியில் பிளைவுட் போடாமல் பாக்ஸை வைத்தால், பாட்டு ஆரம்பித்த அரை மணி நேரத்தில் அதன் அதிர்விலேயே ஒரு பக்கமாக மணலுக்குள் இறங்கிவிடும். அடுத்தது உப்புக்காற்று. இரண்டு சீசன் போனால் ஒயர் முனைகளில் பச்சை பூக்கும். கடல் ஓரம் வேலை பார்த்த மிக்சரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும்.

இருந்தும் இந்த வேலையை எனக்குப் பிடிக்கும். நாலு சுவர் இல்லாமல், மேலே கூரை இல்லாமல், அலைக்குப் பக்கத்தில் நின்று முந்நூறு பேர் ஆடுவதை மிக்சருக்குப் பின்னால் நின்று பார்ப்பது ஒரு பெரிய சந்தோஷம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

2004ல் சென்னை பாலவாக்கத்தில் ஒரு சவுண்டு சர்வீஸில் ஒயர் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். ஒரு நைட்டுக்கு 150 ரூபாய், ராத்திரி சாப்பாடு. அந்த வருஷ டிசம்பர் 31தான் என் முதல் பெரிய வேலையாக இருந்திருக்க வேண்டும். 26ஆம் தேதி காலையில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. எங்களிடம் இருந்த புக்கிங் எல்லாம் ரத்து. 31 ராத்திரி முதலாளி என்னை ஈஞ்சம்பாக்கம்வரை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். ஒரு இடத்திலும் பாட்டு இல்லை. வண்டியை நிறுத்தியபோது அலைச் சத்தம் ரோடுவரைக்கும் கேட்டது. அதற்கு முன்னும் பின்னும் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதை அப்படி நான் கேட்டதே இல்லை.

திருவான்மியூரைத் தாண்டினால் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி, கானத்தூர், முட்டுக்காடு, கோவளம் என்று மாமல்லபுரம்வரை ஊர்கள் கோத்தாற்போல வரும். வெளியூர்க்காரர்களுக்கு இவை ரிசார்ட்டுகளின் பெயரோடுதான் ஞாபகம் இருக்கும். கோவளம் என்றால் 1974ல் வந்த ஃபிஷர்மேன்ஸ் கோவ், ஈஞ்சம்பாக்கம் என்றால் விஜிபியும் அங்கே வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரும். ஆனால் இந்த வரிசையில் பெரும்பாலான ஊர்களில் கடல் பக்கம் ஒரு மீனவக் குப்பம் உண்டு. ரிசார்ட் வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அது அங்கே இருக்கிறது. பல இடங்களில் ரிசார்ட்டின் மதில்சுவரும் குப்பத்துக் கடைசி வீட்டின் சுவரும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம்.

சென்னையில் ராத்திரி ஆட்டம் என்றால் ஏன் ஏசி ஹாலுக்குள்ளேயே நடக்கிறது என்று பெங்களூரிலிருந்து வரும் டிஜேக்கள் என்னைக் கேட்பார்கள். இரண்டு காரணம். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003ன் கடைசியிலிருந்து டாஸ்மாக் கையில். டாஸ்மாக்கை விட்டால், உட்கார்ந்து குடிக்கும் இடத்துக்கு லைசென்ஸ் கிடைப்பது பெரும்பாலும் கிளப்புகளுக்கும் நட்சத்திர ஹோட்டல்களுக்கும்தான். எஃப்எல் 2, எஃப்எல் 3 என்பார்கள். அதனால் நம் ஊர் டிஸ்கோக்கள் எல்லாம் ஹோட்டலோடு ஒட்டியே பிறந்தன. பார்க் ஹோட்டலின் பாஷா, பார்க் ஷெரட்டனின் டப்ளின் என்று என் வயதுக்காரர்கள் சொல்லும் பெயர்கள் எல்லாமே அப்படித்தான். இன்னொரு காரணம் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய ஹாலுக்குள் என்றால் வேறு. திருவிழா போன்றவற்றுக்கு மாநில அரசு வருஷத்துக்கு 15 நாள்வரை 12 மணிவரை அனுமதி கொடுக்கலாம். ஆக, ஓப்பன் ஏர் பார்ட்டி என்பது சட்டப்படி பத்து மணிக்கு முடிய வேண்டியது. டிசம்பர் 31க்கு மட்டும் போலீஸ் தனியாக நேரம் சொல்வார்கள். 2007 டிசம்பர் 31 ராத்திரி நகரில் ஒரு ஹோட்டலில் நீச்சல்குளத்துக்கு மேலே போட்ட மேடை சரிந்து உயிர் போன பிறகு, குளத்துப் பக்கம் மேடை போடுவது பற்றியும் கெடுபிடி வந்தது. வரவேண்டியதுதான்.

பத்து மணி என்பதை நான் பல வருஷம் எரிச்சலோடுதான் பார்த்தேன். ஒன்பதரைக்குத்தான் ஜனம் சேரும். ஒன்பதே முக்காலுக்குத்தான் முதல் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு ஆட வருவார். பத்துக்கு ஜீப் வந்து நிற்கும். நானும் திட்டியிருக்கிறேன்.

இப்போது திட்டுவதில்லை. அதற்குக் காரணம் ஒரு பங்குனி ராத்திரி.

ஏழு வருஷம் இருக்கும். நீலாங்கரைக்குத் தெற்கே ஒரு ரிசார்ட்டில் பிறந்தநாள் பார்ட்டி, சனிக்கிழமை. போட்டோவில் பின்னால் அலை தெரிய வேண்டும் என்று மேடையைக் கடலுக்கு முதுகு காட்டிப் போடச் சொன்னார்கள். அப்படியென்றால் எங்கள் பாக்ஸ் எல்லாம் ஊரைப் பார்த்து. அலை போட்டோவில் விழ வேண்டுமே என்று ஷார்ப்பி என்கிற கூர்மையான ஒளிக்கற்றை விளக்கு இரண்டைத் தண்ணீர்மேல் அடித்து, மணல்மேல் பார் லைட் என்கிற மேடை விளக்கு, வெள்ளையில் ஆறு வைத்தோம். மணல் பகல் மாதிரி இருந்தது. மணி 9.40. சட்டப்படி அந்த நேரத்தில் நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஜெனரேட்டர் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் வந்தான். “அண்ணே, ஒயர் பக்கத்துல ஏதோ ஊருது. நண்டு இல்ல.”

குனிந்து பார்த்தேன். தீப்பெட்டி அளவு, கரிக்கட்டை நிறம். முன்கை இரண்டையும் துடுப்பு மாதிரி மாற்றி மாற்றிப் போட்டு, எங்கள் கறுப்பு ஒயர்மேல் ஏறப் பார்த்துச் சறுக்கி விழுந்தது. திரும்ப ஏறியது. அது வந்த வழியில் மணலில் இரண்டு பக்கமும் தையல் போட்டது மாதிரி தடம். அந்தத் தடத்தோடு லைட்டைக் கொண்டுபோனால் இன்னொன்று, அதற்குப் பின்னால் நாலைந்து, அப்புறம் எண்ண முடியவில்லை. எல்லாமே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் பார் லைட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தன.

யாரையும் கேட்கவில்லை, லைட் போர்டில் அந்தப் பக்கம் முழுக்க இறக்கிவிட்டேன். நிகழ்ச்சியை நடத்துபவர் ஓடி வந்தார். காட்டினேன். அவர் மேடைப் பக்கம் போய்ச் சொல்ல, வந்தது அடுத்த ஆபத்து. ஐம்பது அறுபது பேர் செல்போன் லைட்டோடு மணலில் இறங்கிவிட்டார்கள். மைக்கை எடுத்து, “போன் லைட்டை எல்லாரும் அணைங்க, நின்ன எடத்துலயே நில்லுங்க” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் மைக்கில் பேசியது அன்றைக்குத்தான். பாட்டை நிறுத்தச் சொன்னது பிறந்தநாள் கொண்டாடிய பெண். பட்டுப்புடவையோடு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பழகியதும்தான் எனக்கே தெரிந்தது, கடல் இருட்டே இல்லை. அலை உடைகிற இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு வெளிச்சம் இருக்கிறது. ஆமைக்குஞ்சுக்கு வழி அதுதான். முட்டையிலிருந்து வந்ததும் எது வெளிச்சமான அடிவானமோ அதை நோக்கி நடக்கும். லட்சக்கணக்கான வருஷமாக அது கடலாக இருந்தது. அன்றைக்கு எங்கள் பார் லைட்டாக இருந்தது.

ஒன்று நின்றது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. மெதுவாகத் திரும்பியது. பிறகு இன்னொன்று.

அன்று ஆமை நடைக்காக வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் யாரோ போன் பண்ணிச் சொல்லி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. “கையால தூக்கிக் கடல்ல போட்டுடாதீங்க அண்ணா, நடக்க விடுங்க” என்றார். அவர் சொல்லித்தான் இது பங்குனி ஆமை என்று தெரிந்தது. ஜனவரியிலிருந்து மார்ச்வரை தாய் ஆமைகள் ராத்திரியில் கரை ஏறிக் குழி தோண்டி நூறு முட்டைக்குமேல் இடும். ஒன்றரை மாதத்துக்குமேல் ஆகி, பங்குனி வெயிலில் குஞ்சு வரும். பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மாணவர்கள் 1988லிருந்து ராத்திரி ராத்திரியாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து வருகிறார்கள். நானும் 2004லிருந்து அதே கரையில் ராத்திரி ராத்திரியாக இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் செட் எடுக்கும்போது, வலது பக்க பேஸ் பாக்ஸின் பிளைவுட்டுக்கு அடியில் மூன்று குஞ்சுகள். அதைப் பையனிடம் காட்டவில்லை. நானே மணலில் புதைத்தேன்.

அப்போது பக்கத்துக் குப்பத்திலிருந்து வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். “இன்னா தம்பி, உங்க டப்பாவ எங்களப் பாத்தே வச்சிக்கினா நாங்க எப்டி தூங்கறது? ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போணும்.” தென்னல் அடிக்கிற மாசம், காற்று தெற்கிலிருந்து வடக்கே போகும், குப்பம் உங்களுக்கு வடக்கே இருக்கிறது, இதுகூடப் பார்க்க மாட்டீர்களா என்றார். இத்தனை வருஷ சவுண்டு ஆட்களுக்கு இல்லாத கணக்கு அவரிடம் இருந்தது. அப்புறம் சொன்னார்: “பாட்டு வேணாம்னு சொல்லல. எங்க கோயில் திருவிழாவுக்கும் கச்சேரி வெக்கறோம். வருஷத்துக்கு ரெண்டு நாள். நீங்க வாராவாரம் வெக்கறீங்க. ஆமை வலையில மாட்டினா எங்களச் சொல்றாங்க. வெளிச்சத்துக்கு யாரைச் சொல்றது?”

“தப்புதான்ணே” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் சொன்ன காற்றுக் கணக்கை நான் டெசிபல் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். மேடைக்கு 10 மீட்டரில் 100 டெசிபல் என்றால், 20 மீட்டரில் 94, 40ல் 88, 80ல் 82, 160ல் 76, 320 மீட்டரில் 70. குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரியில் விதி சொல்லும் அளவு 45. இதில் காற்று அந்தப் பக்கம் வீசினால் இன்னும் மோசம். ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்து மேல்காற்று சூடாக இருக்கும்போது சத்தம் மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும். பகலில் கேட்காத தூரத்துக்கு ராத்திரியில் கேட்பது அதனால்தான். எல்லாவற்றையும்விடத் தூரம் போவது பேஸ். பாட்டு என்ன என்று தெரியாது, வார்த்தை கேட்காது, நெஞ்சில் தும் தும் என்று இடி மட்டும் இறங்கும். ஓலைக் கூரையும் தகரக் கூரையும் அதைத் தடுக்காது. இரண்டு மணிக்குக் கட்டுமரமோ ஃபைபர் போட்டோ தள்ள வேண்டியவர் எட்டு மணிக்குப் படுத்தாக வேண்டும். ராத்திரி நமக்குக் கேளிக்கை நேரம், அவருக்குத் தூக்கமும் தொழிலும். இதை அதுவரை நான் யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் செட்டில் சில பழக்கங்களை மாற்றினோம். மேடை மதில்சுவர்ப் பக்கம் போகும், பாக்ஸ் கடலைப் பார்க்கும். மூன்று பேஸ் பாக்ஸில் ஒன்றைப் பின்னால் திருப்பி வைத்து, டிலேயும் (சத்தம் கிளம்பும் நேரம்) போலாரிட்டியும் (அலையின் ஏற்ற இறக்கம்) மாற்றிக் கொடுத்தால், பின்பக்கம் ஊருக்குப் போகும் பேஸ் பெருமளவு அடங்கிவிடும். இரண்டு பெரிய அடுக்குக்குப் பதிலாகச் சின்னச் சின்ன பாக்ஸை ஆடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே சுற்றி வைப்போம். ஆடுகிறவருக்குக் குறையே தெரியாது, நூறு மீட்டர் தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியும். ஜனவரியிலிருந்து மே வரைக்கும் கடல் பக்கம் வெள்ளை லைட் கிடையாது, ஷார்ப்பி கிடையவே கிடையாது. இடுப்பு உயரத்துக்குக் கீழே, மூடி போட்டு, மஞ்சள்-சிவப்பு வெளிச்சம் மட்டும். இதனால் போன கஸ்டமர்களும் உண்டு. போகட்டும்.

பத்து மணிக்கு மேலே என்ன செய்வது என்பதற்குக் கோவாவில் ஏற்கனவே வழி கண்டிருக்கிறார்கள். பாலோலம் கடற்கரையில் எல்லோருக்கும் ஹெட்போன் கொடுத்து ஆடவிடுகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு நாங்களும் எண்பது வயர்லெஸ் ஹெட்போன் வாடகைக்கு எடுத்தோம். கானத்தூரில் ஒரு கல்யாண வரவேற்புக்கு முதல் தடவை. நான் போட்டுக்கொள்ளாமல் நின்றேன். எண்பது பேர் மணலில் ஆடுகிறார்கள். எனக்குக் கேட்டது அலை. மணலில் கால் தேய்கிற சத்தம். வளையல். இடையிடையே யாரோ தன்னை மறந்து சுருதி விலகிப் பாடும் ஒரு வரி. மாப்பிள்ளையின் அம்மா, ஆடத் தெரியாது என்று சேரிலேயே இருந்தவர், ஒரு ஹெட்போனை வாங்கிப் போட்டுக்கொண்டு முதலில் தலையை ஆட்டினார், பிறகு எழுந்து போய்விட்டார் ஆட. நான் பார்த்த கடற்கரை ராத்திரிகளில் அதைவிட நல்லது ஒன்று இல்லை.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் காசு உள்ளவர்களின் ராத்திரி. என் மனத்தில் இதைவிடக் கனமாக இருப்பது இன்னொன்று.

சென்னையின் பெரிய ஓப்பன் ஏர் மெரினாதான். கவர்னர் கிராண்ட் டஃப் 1884ல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். சித்திரை வைகாசியில் திருவல்லிக்கேணியிலிருந்தும் ராயப்பேட்டையிலிருந்தும் ஒற்றை அறை வீட்டுக் குடும்பங்கள் பாயோடு வருவார்கள். மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுவது, கையால் சுற்றும் ராட்டினம், தூக்குவாளியில் சுண்டல். யாரும் டிக்கெட் கேட்பதில்லை. குழந்தை மணலில் தூங்கிவிடும். காற்று அப்போதுதான் குளிரத் தொடங்கும். பத்து, பத்தரைக்கு விசில் ஊதிக்கொண்டு வருவார்கள், எழுந்திருங்கள் என்று. அலையில் இறங்கி உயிர் போவது இந்தக் கரையில் நிஜம், பாதுகாப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதே நேரத்தில் மூடிய ஹாலுக்குள் காசு கொடுத்தவருக்கு ராத்திரி இன்னும் பாதிகூட ஆகவில்லை. கடை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019ல் அரசாணை போட்டார்கள். கடற்கரையில் பாய் விரித்துச் சும்மா உட்காருவதற்கு ஒரு ஆணையும் இல்லை. விசிலுக்குப் பதில் நாலு உயிர்காப்பாளர்களையும், கண்ணைக் குத்தாத மஞ்சள் விளக்கையும், பெண்கள் பயமில்லாமல் போகக்கூடிய கழிப்பறையையும், பன்னிரண்டு மணிவரை ஒரு பஸ்ஸையும் கொடுத்தால் போதும். பாட்டுகூட வேண்டாம். சத்தமே போடாத அந்த ஜனத்தைத்தான் முதலில் எழுப்புகிறோம்.

2015ல் பெசன்ட் நகர் பக்கம் இருக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா நடந்தது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்துக்காரர்களோடு சேர்ந்து ஆரம்பித்தது. சபாவில் கேட்கும் கச்சேரியும் பறையும் ஒரே மணலில். டிக்கெட் இல்லை, குப்பத்துப் பிள்ளைகள் முன்வரிசை. பக்கத்து வீட்டுக்காரர் தூங்க முடியவில்லை என்று சொல்லும் நிலையே அங்கே வராது, ஏனென்றால் விழாவே அவருடையது.

போன மாசியில் என் மகள் ஆமை நடைக்குப் போக வேண்டும் என்றாள். கல்லூரி முதல் வருஷம். அவளோடு நானும் போனேன். நீலாங்கரையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இருபது பேர் வடக்கே நடந்தோம், யாரும் லைட் போடாமல். பாலவாக்கம் தாண்டும்போது ஒரு பீச் ஹவுஸில் பார்ட்டி. வெள்ளை லைட் மணல் முழுக்க, அலைவரை.

“அப்பா, இது உங்க செட்டா?”

“இல்லம்மா.”

கொஞ்ச தூரம் நடந்தவன் திரும்பி, அந்த வீட்டுக் கேட்டுப் பக்கம் போனேன். லைட் போர்டுக்குப் பின்னால் பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான். மாசம் என்ன, கரையில் என்ன நடக்கிறது என்று சொன்னேன். “ஓனர் திட்டுவாருண்ணா” என்றான். ஒன்றாவது இறக்கு என்றேன். யோசித்தான். கடைசியில் இருந்த பார் லைட்டை இறக்கினான். இன்னும் நாலு எரிந்துகொண்டிருந்தன. மகள் தண்ணீர் ஓரமாக நின்று காத்திருந்தாள். அங்கே இப்போது அலை தெரிந்தது.